கடைவாய்ப் பாலம்

"வலிக்காது" என்ற வார்த்தையை அந்த டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசியைக் கையில் எடுத்ததும் "வலிக்கும்" என்பார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "ஊசி உள்ள போற நேரம் மட்டும். அப்புறம் உதடு தடிச்ச மாதிரி இருக்கும், ஆனா தடிச்சிருக்காது" என்பார். அவர் சொன்னதற்கு மேல் வலித்ததாக யாரும் புகார் சொன்னதில்லை. குழந்தைகளிடமும் அப்படித்தான். அழுதுகொண்டு வரும் பையனிடம், "அழுவே. பரவாயில்ல. வாயை மட்டும் மூடாம அழு" என்று சொல்லிவிட்டுப் பல்லை எடுப்பார்.

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் போகும் சந்தின் முனையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய கிளினிக். எண்பதுகளின் கடைசியில், பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் கிழக்குத் தாம்பரத்து வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை, அப்பாவின் நண்பர் ஒருவர் அங்கே சேர்த்துவிட்டார். வருகிறவர்களை உட்காரவைத்துப் பெயர் கூப்பிடுவதுதான் வேலை. ஆனால் சீக்கிரமே உள்ளே போய்க் கண்ணாடிப் பலகையில் சிமெண்ட் குழைக்கவும், அச்சில் பிளாஸ்டர் ஊற்றவும் பழகிவிட்டேன்.

டாக்டருக்கு நெடிய உருவம். வருஷக்கணக்காக அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்ததில் தோள் இரண்டும் முன்பக்கம் வளைந்திருந்தன. வேலை செய்யும்போது கீர்த்தனை எதையாவது மெல்லச் சீட்டியடிப்பார். சர்ச்சில் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. ஒருமுறை அந்தச் சபையின் போதகரே பல் காட்ட வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "போன வாரம் பிரசங்கம் எப்படி இருந்தது டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் அவர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டபடியே, "பாதியில நிறுத்தியிருக்கலாம் ஐயா" என்றார். வாய் திறந்திருந்ததால் போதகரால் பதில் சொல்ல முடியவில்லை. நான் வெளியே ஓடிவந்து சிரித்தேன். டாக்டரின் மனைவி ஸ்கூல் டீச்சர். "புதுப் புடவை எடுத்தா இவர்கிட்ட காட்டறதே இல்லம்மா. கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்" என்பார்.

எனக்கும் டாக்டர் ஒரு பல் கட்டியிருக்கிறார். காலேஜ் நாட்களில் சொத்தையாகி எடுத்த கீழ்க் கடைவாய்ப் பல் அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிபன் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "நீ அந்தப் பக்கம் மெல்றதே இல்ல. வாயைத் திற" என்றார். பல் போன இடத்தை அப்படியே விட்டால் பின்னால் இருக்கும் பல் அந்தப் பள்ளத்தில் சாய ஆரம்பிக்கும், மேல் பல் கீழே இறங்கும் என்றார். அதற்கு வழி, இரண்டு பக்கத்துப் பல்லையும் சுற்றிலும் அராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் உறை போட்டு, நடுவில் ஒரு பொய்ப் பல்லைச் சேர்த்து ஒரே துண்டாக மாட்டுவது. கழற்ற முடியாது. பிரிட்ஜ் என்பார்.

"நல்ல பல்லு ரெண்டை எதுக்கு சார் அராவணும்?" என்று கேட்டேன்.

"நியாயமில்லதான். ஆனா அதுங்க தோள் கொடுத்தாத்தான் நடுவுல ஒண்ணு நிக்கும்."

அவர் கட்டும் பிரிட்ஜில் ஒரு தனி அடையாளம் உண்டு. நடுப்பல்லை ஈறோடு ஒட்டவைக்க மாட்டார். அடியில் மெல்லிய இடைவெளி விடுவார். வெளியே தெரியாத கடைவாய்க்கு அதுதான் சுத்தம் என்பார். "பாலம்னா அடியில தண்ணி ஓடணும்." சோற்றுப் பருக்கை போய் மாட்டுகிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். "மாட்டும். கொப்பளிங்க" என்பார். அவ்வளவுதான்.

அனகாபுத்தூர் அக்கா தன் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தது நான் சேர்ந்த மறு வருஷம். தறி ஓடிய வீட்டுப் பெண். தறி நின்ற பிறகு, ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிதான் எல்லாம். அவன் குரோம்பேட்டையில் ஏதோ பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான். அக்காவை விட ஒரு தலை உயரம், கலைந்த முடி, எப்போதும் ஒரு கேலிச் சிரிப்பு.

"கறி துன்னா மெல்லாம முழுங்கறான் டாக்டரு" என்றாள் அக்கா. "இந்தாண்ட பல்லு இல்ல. சின்ன வயசுல ஒருத்தன் குறடு வச்சிப் புடுங்கிட்டான்."

"வெளிய தெரியாத பல்லுக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ அலம்பல்?" என்றான் தம்பி.

"எனுக்குத் தெரியுது இல்ல? தட்டாண்ட குந்திகினு நான்தானே பாக்கறேன்." பிறகு டாக்டரிடம் திரும்பி, "வலிக்குமா டாக்டரு?" என்று கேட்டாள்.

"வலிக்கும். ஊசிக்கு. அப்புறம் கொஞ்ச நாள் ஈறு கடுக்கும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "கேட்டியாடா? மத்தவனுங்கலாம் வலிக்காதுன்னு ஏமாத்துவானுங்கோ. இவுரு நெசம் சொல்றாரு. இவுராண்டயே கட்டிக்கலாம்."

பள்ளத்தில் பின்பல் ஏற்கெனவே நன்றாகச் சாய்ந்துவிட்டிருந்ததால் வேலை இழுத்தது. பிரிட்ஜ் மாட்டிய அன்று கடித்தபோது உயரமாக இடித்தது. கார்பன் தாளைக் கடிக்கவைத்து, கறை பட்ட இடத்தை டாக்டர் அராவினார். அப்போது தம்பி திடீரென்று தும்ம, டிரில் வழுக்கி, பின்பக்க உறையின் உலோகத்தில் சாய்வாக ஒரு கீறல் விழுந்தது. யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் டாக்டர் வேலையை நிறுத்திவிட்டு, "ஒரு கீறல் போட்டுட்டேன். பல்லுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா என் கை வழுக்கிடுச்சு. வேணும்னா புதுசா செஞ்சு தரேன்" என்றார்.

தம்பி பஞ்சைக் கடித்தபடியே சிரித்தான். "உள்ளாற கீற கீறலை யாரு சார் வந்து பாக்கப்போறாங்கோ?"

அடுத்த வருஷம் பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "தோ வந்துடறேங்கா" என்று கிளம்பியவன் வீடு திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. சைக்கிள் வீட்டிலேயே இருந்தது. அக்கா தெரிந்த இடமெல்லாம் தேடிவிட்டுப் போலீஸில் எழுதிக்கொடுத்தாள். பம்பாயில் அவனைப் போல் ஒருத்தனைப் பார்த்ததாக யாரோ ஒரு லாரிக்காரன் சொல்லிவைத்தான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். கிளினிக்குக்கு வந்து எங்களிடமும் சொன்னாள். "பம்பாய்ல கீறான் டாக்டரு. சேட்டைக்காரன். துட்டு சம்பாரிச்சிகினு வந்து நிப்பான் பாருங்கோ."

கோடையில் பல்லாவரம் பக்கத்தில், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் தண்ணீர் வற்றியபோது எலும்புகள் கிடைத்தன. எப்படி விழுந்தான், குளிக்கப் போனானா, யாருடன் போனான் என்பது கடைசிவரை தெரியவில்லை. அக்கா எழுதிக்கொடுத்ததில், கீழ்க் கடைவாயில் பல் கட்டியிருக்கும் என்று ஒரு வரி இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் அக்காவையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"சார், கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லணும்" என்றார்.

டாக்டர் அலமாரியைத் திறந்து, தம்பியின் கீழ்த்தாடைக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சைத் தேடி எடுத்தார். அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்திருந்ததால் நானும் போனேன். ஆஸ்பத்திரியின் பின்புறம், பிணவறைக்கு எதிரில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்றோம். அக்கா, "வேற யாரோ. பாவம், எவ பெத்த புள்ளயோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். குழாயில் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். பிறகு அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"உங்க தம்பிதாம்மா."

"மூஞ்சியப் பாத்தீங்களா?"

"முகம் இல்லம்மா."

"அப்பால எப்டிச் சொல்றீங்கோ?"

"பிரிட்ஜ் நான் கட்டினது. அடியில இடைவெளி இருக்கு. நான் போட்ட கீறல் இருக்கு. அச்சும் ஒத்துப்போகுது."

"கீறலு எத்துல வேணா வுழும். உங்கள மாரி பல்லு கட்றவுங்க ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"இருக்கலாம். ஆனா இது என்னுது."

அக்கா அவரை வெறித்துப் பார்த்தாள். "அது என் தம்பி இல்ல" என்று சப் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். எலும்புகளை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். கேட்க வேறு உறவில்லை. யாருமில்லாதவர்களைப் புதைக்கும் இடத்தில் புதைத்துவிட்டார்கள் என்று பிறகு ஒரு கான்ஸ்டபிள் வந்து சொன்னார்.

அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கம்பெனி விட்டதும் அக்கா நேரே கிளினிக்குக்கு வந்தாள். மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லாரும் போன பிறகு உள்ளே போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நிச்சயமா டாக்டரு?"

"நிச்சயம்மா."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அடிக்கடி வந்தாள். சில வாரம் வராமல் இருப்பாள், சரி, மனசு தேறிவிட்டது என்று நினைக்கும்போது படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். எனக்குக் கொய்யாப்பழம் கொண்டுவருவாள். என் கல்யாணப் பேச்சு எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று விசாரிப்பாள். அழமாட்டாள், கத்தமாட்டாள். உள்ளே போய் அதே கேள்வி. அவரிடமிருந்து அதே பதில்.

டாக்டரின் மனைவி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தம்மாவை இனிமே உள்ள விடாதேம்மா. இவர் வீட்ல சரியா சாப்பிடறதில்ல. சாப்பிட உக்காந்தா மெல்றதை நிறுத்திட்டு எதையோ யோசிக்கிறார்." நான் தயங்கித் தயங்கி டாக்டரிடம் சொன்னேன். "அவங்க கேக்கறது நியாயமான கேள்வி. வரட்டும்" என்றார்.

சீட்டியடிப்பது நின்றுபோனது. அந்தப் பிளாஸ்டர் அச்சை அவர் அலமாரியில் திரும்ப வைக்கவில்லை. ஜன்னல் திட்டில் வைத்திருந்தார். நோயாளி இல்லாத நேரங்களில் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். விளக்கை இழுத்து என் பிரிட்ஜைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். என் தாடை வலிக்க ஆரம்பித்தது.

"உன்னுதுக்கும் அவனுதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு" என்றார்.

"சார், என்னுதுல கீறல் இல்லையே."

"கீறலைத் தேடிக்கிட்டேதான் உள்ள போனேன். தேடிப் போனவன் கண்ணுக்குத் தெரியாம இருக்குமா?"

நாற்காலியிலிருந்து நானாகவே இறங்கிக்கொண்டேன்.

மின்சார ரயிலில் போகும்போது அவர் ஆட்களின் வாயைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். இதையும் அவரே சொன்னார், ஒளிக்கத் தெரியாதவர் அல்லவா. மீனம்பாக்கம் தாண்டியதும் எதிர்சீட்டில் ஒரு பையன் நண்பர்களோடு சிரித்திருக்கிறான். கீழ்க் கடைவாயில் உலோகம் மின்னியிருக்கிறது. அதே உயரம், அதே கலைந்த முடி. அவன் பல்லாவரத்தில் இறங்க, இவரும் இறங்கிப் பின்னாலேயே போய், படிக்கட்டில் தோளைத் தொட்டு நிறுத்தி, "தம்பி, கொஞ்சம் வாயைத் திறந்து காட்டறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"அடிக்கக் கை ஓங்கிட்டான். நியாயம்தான்" என்றார் என்னிடம்.

"அது யாரு சார்?"

"யாரோ. ஒரே ஒரு உறை. பிரிட்ஜே இல்ல."

"அவனே கிடைச்சிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. அடையாற்றுத் தண்ணீர் அனகாபுத்தூர்ச் சந்துகளுக்குள் ஏறிவிட்டது என்றார்கள். அக்கா கொஞ்ச நாளாக வரவில்லை. வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், புடவை முழங்கால்வரை சேறாகி, காய்ச்சலில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தும், தம்பி திரும்பி வந்தால் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்று அவள் மற்றவர்களைத் தங்கவைத்திருந்த ஸ்கூல் கட்டடத்துக்குப் போகாமல் கட்டில் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். பெஞ்சில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவள் காத்திருக்காமல் நேரே உள்ளே போனாள்.

"நிச்சயமா டாக்டரு?"

டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். அவளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார். "இப்ப யோசிச்சா என்னால நிச்சயமா சொல்ல முடியல. வேற யாராவதா இருக்கலாம்."

இவ்வளவு நாளும் இந்த வார்த்தைக்காகத்தானே படியேறி வந்தாள், இனி சந்தோஷமாகப் போவாள் என்று நினைத்தேன். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி நாளா மாத்தாம சொன்னீங்களே டாக்டரு."

அவர் தட்டில் வைத்த கருவியை மறுபடி எடுத்தார்.

"இன்னிக்கு என் மூஞ்சியப் பாத்து எளகிட்டீங்கோ. உங்களுக்குப் பொய் சொல்ல வர்ல." அவள் கை நாற்காலியை விட்டது. "அப்ப போய்ட்டான். என் தம்பி போய்ட்டான்."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பார்த்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. வெளியே இருந்தவர்கள் எழுந்து வந்து கதவருகில் நின்றார்கள். டாக்டரும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கத் தெரியாமல் அப்படியே இருந்தார்.

பிறகு ஒருநாள், "வேணும்னுதானே சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அது பொய்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல" என்றார். "சொல்றப்போ அது எனக்கு நிஜமாவும் இருந்தது."

எலும்புகளைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று அக்காவோடு போனோம். மழையில் புதைத்த அந்த இடமெல்லாம் ஒரே சகதியாகக் கிடந்தது. எந்த இடம் என்று காட்ட ஆளில்லை. காவலாளி இங்கே என்றும் அங்கே என்றும் கையைக் காட்டினார். அக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். வழியில், "ஜன்னலாண்ட வச்சிகினு கீறீங்களே, அந்த அச்சுப் பல்லாவது எனுக்குக் குடுத்துடுங்கோ டாக்டரு" என்று கேட்டாள்.

அமாவாசையன்று காலையில் அனகாபுத்தூர் ஆற்றோரம் அதைக் கொண்டுபோனோம். பிளாஸ்டர் தாடைக்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, வாழையிலையில் ஏந்தியிருந்தாள் அக்கா. டாக்டர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவளோடு தண்ணீரில் இறங்கினார். அவர் சபையில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று எனக்கு ஓடியது. அவருக்கு அப்படியொன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை. ஆறு மண் நிறத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா இலையைச் சாய்த்தாள்.

"இனிமே நல்லா மென்னு துன்னுடா" என்றாள்.

கையைவிட்டதும் மூழ்கிவிட்டது. பூ மட்டும் கொஞ்ச தூரம் போனது.

அதன் பிறகு அக்கா கிளினிக்குக்கு வரவில்லை. டாக்டரும் பழையபடி ஆகவில்லை. பல் எடுப்பார், சொத்தை அடைப்பார். பிரிட்ஜ் கட்ட வருகிறவர்களை மட்டும் முடிந்தவரை நகரத்துக்கு அனுப்பப் பார்ப்பார். அவர்கள் கேட்காமல் இவரிடமே கட்டிக்கொண்டால், மாட்டுகிற நாளன்று சிமெண்ட் குழைக்கச் சொல்வதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் வந்திருந்தது.

"வீட்ல யார் யார் இருக்காங்க?"

ஆட்கள் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். பெண்டாட்டி, பிள்ளை, மாமியார் என்று சொல்வார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். கல்யாணமாகி நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், பொத்தேரியில் காலேஜ் ஹாஸ்டல் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்த ஒருவர் வந்திருந்தார். நடுவயது, தென்மாவட்டத்துப் பேச்சு. அவரிடமும் கேட்டார்.

"யாரும் இல்ல சார்."

"ஊர்ல?"

"ஊர்லயும் இல்ல. ஒத்தை ஆளு."

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "அப்போ மாசத்துக்கு ஒரு தடவை இங்க வந்து எனக்கு வாயைக் காட்டிட்டுப் போங்க. வரலேன்னா நான் தேடிக்கிட்டு வருவேன்" என்றார்.

வாட்ச்மேன் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. நான் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தேன்.

மறு மாதம் அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தார். பல்லில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டேன்.

"இல்லம்மா, நல்லா இருக்கு" என்றார். "டாக்டர் தேடுவாரேன்னு வந்தேன்."